மனம் மாறியவரே விலை கொடுக்கட்டும்

2003 ஜூலையில் அமெரிக்காவில் பல வீரர்களின் வாள் ஒரே நாளில் மழுங்கிப்போனது. யாரும் சண்டை போடவில்லை. கடைக்கு ஒரு புதிய புத்தகம் வந்தது, அவ்வளவுதான்.

அந்தப் புத்தகம் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டின் 3.5 பதிப்பு. அதற்கு முன் 2000-இல் வந்த மூன்றாம் பதிப்பில், சிமிட்டர் என்ற வளைந்த வாளை வைத்திருப்பவர் 20 முகப் பகடையில் 18, 19, 20 போட்டால் எதிரிக்குக் கூடுதல் சேதம் விளைவிக்கும் வாய்ப்பு கிடைக்கும். வாளுக்கு 'கீன்' என்ற மந்திரக் கூர்மை ஏற்றினால் 15 போட்டாலே போதும். அதோடு 'இம்ப்ரூவ்ட் கிரிட்டிக்கல்' என்ற பயிற்சியையும் எடுத்துக்கொண்டால் 12 போட்டாலே போதும்! 20 முகத்தில் 9 முகம். 3.5 வந்து சொன்னது: இனி இரண்டும் ஒன்றாகச் சேராது. எது இருந்தாலும் 15-தான். 9 முகம் 6 முகமானது.

இதில் என்ன பெரிய விஷயம் என்று கேட்கலாம். +1 வாளுக்கு கீன் ஏற்ற 6,000 பொற்காசு கூடுதலாக ஆகும். அந்தப் பயிற்சியை எடுக்க வீரர் குறைந்தது 8-ஆம் லெவலை எட்டியிருக்க வேண்டும். அதாவது மாதக்கணக்கில் ஆடிச் சேர்த்த இரண்டில் ஒன்று இப்போது வெறும் குப்பை. வாளை விற்கலாமே என்றால், விதிப்படி விற்றால் பாதி விலை!

விதியை மாற்றியது சரிதான் என்றே வைத்துக்கொள்வோம். 20-க்கு 9 என்பது கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அந்த நஷ்டத்தை யார் ஏற்பது? இந்தக் கட்டுரை அந்த ஒரு கேள்வியைப் பற்றியது.

தெரியாதவர்களுக்காக ஒரு சின்ன அறிமுகம்

இது கம்ப்யூட்டர் விளையாட்டு இல்லை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து, வாயால் கதை சொல்லி, பகடை உருட்டி ஆடுவது. ஒருவர் கேம் மாஸ்டர். அவர் உலகத்தை விவரிப்பார். மற்றவர்கள் ஆளுக்கொரு கேரக்டர். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னெசனும் 1974-இல் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்தான் இந்த வகைக்கு ஆதி. கேரக்டரின் பலம், திறமை, பொருள், காசு எல்லாம் ஒரு தாளில் எழுதியிருக்கும். ஆட ஆட அனுபவம் கூடும், லெவல் ஏறும்.

வீட்டில் நண்பர்களோடு ஆடும்போது விதி மாறினால் சிக்கலே இல்லை. "வாள் போச்சா? சரி, வேறு பயிற்சி எடுத்துக்கோ" என்று கேம் மாஸ்டர் ஒரு வார்த்தையில் முடித்துவிடுவார்.

சிக்கல் பொது ஆட்டத்தில். டி.எஸ்.ஆர். நிறுவனம் 1980-இல் ரோல் பிளேயிங் கேம் அசோசியேஷனைத் தொடங்கியது. 1987-இல் அதன் 'லிவிங் சிட்டி' வந்தது. ரேவன்ஸ் பிளஃப் என்ற கற்பனை நகரத்தில் ஆயிரக்கணக்கான பேரின் கேரக்டர்கள் ஒன்றாக வாழ்ந்தார்கள். பிறகு 2000 முதல் 2008 வரை 'லிவிங் கிரேஹாக்'. 2008-இல் பைசோ நிறுவனத்தின் 'பாத்ஃபைண்டர் சொசைட்டி'. 2014-இல் 'அட்வெஞ்சரர்ஸ் லீக்'.

இவற்றின் அழகு என்னவென்றால், ஒரு ஊரில் ஆடிய கேரக்டரை அடுத்த ஊருக்கு எடுத்துப்போய், முன்பின் தெரியாத ஐந்து பேரோடு உட்கார்ந்து ஆடலாம். நம்பிக்கைக்கு ஆதாரம் ஒரு தாள். ஒவ்வொரு ஆட்டம் முடிந்ததும் என்ன கிடைத்தது, எவ்வளவு செலவானது என்று எழுதி கேம் மாஸ்டர் கையெழுத்துப் போட்டுக் கொடுப்பார். லிவிங் கிரேஹாக்கில் அதற்கு 'அட்வெஞ்சர் ரெக்கார்ட்' என்று பெயர், பாத்ஃபைண்டரில் 'கிரானிகிள் ஷீட்'.

அங்கே எந்தக் கேம் மாஸ்டரும் தன் இஷ்டத்துக்கு "வேறு பயிற்சி எடுத்துக்கோ" என்று சொல்ல முடியாது. அடுத்த ஊர் மேசையில் அது செல்லாது. எல்லோருக்கும் பொதுவாக எழுதி வைத்த விதி வேண்டும்.

"புதுசா ஒண்ணு ஆரம்பிச்சுக்கோ"

விதி மாறி வருத்தப்படுகிறவருக்குப் பலர் சொல்லும் பதில் இது. கேட்க எளிது, கணக்குப் போட்டால் எளிதில்லை.

பாத்ஃபைண்டர் சொசைட்டியின் முதல் பதிப்பு விதிப்படி, ஒரு சாகசத்துக்கு ஒரு அனுபவப் புள்ளி. மூன்று புள்ளிக்கு ஒரு லெவல். 10-ஆம் லெவலுக்கு வர 27 புள்ளி, அதாவது 27 சாகசம். ஒவ்வொன்றுக்கும் நாலு மணி நேரம் என்றாலும் 108 மணி நேரம். மாதத்துக்கு ஒருமுறை ஆடுகிறவருக்கு இரண்டே கால் வருடம்.

அதைவிடப் பெரிய சிக்கல் இன்னொன்று. ஆரம்ப லெவலில் சில விலக்குகள் இருந்தாலும், பொதுவாக ஒரு சாகசத்தை ஒருவர் ஒருமுறைதான் ஆடிக் கணக்கில் சேர்க்க முடியும். மர்மம் தெரிந்தவர் மறுபடி ஆடினால் மற்றவர்களுக்குச் சுவாரஸ்யம் போய்விடும் என்பதால் வைத்த நியாயமான விதி. ஆனால் அதன் விளைவு? பழைய கேரக்டர் ஆடி முடித்த 27 சாகசமும் புதிய கேரக்டருக்குக் கிடையாது. செலவழித்த நேரம் திரும்பாது என்பது மட்டுமில்லை, செலவழித்த கதையும் திரும்பாது.

காசும் உண்டு. அடிப்படைப் புத்தகத்தில் இல்லாத ஒரு திறமையைப் பொது ஆட்டத்தில் பயன்படுத்த, அது இருக்கும் புத்தகம் சொந்தமாக வேண்டும் என்பது பாத்ஃபைண்டர் சொசைட்டியின் விதி. ஒரே ஒரு பயிற்சிக்காகப் புத்தகம் வாங்கிய மாணவர், அடுத்த வருடம் அந்தப் பயிற்சி மாறிவிட்டால் என்ன செய்வார்?

ஆகவே கேரக்டர் தாள் வெறும் தாள் இல்லை. விதியைப் படித்து, அதை நம்பி, நேரமும் காசும் போட்ட ஒருவரின் கணக்குப் புத்தகம் அது.

மூன்று வழிகள்

விதி மாறும்போது அமைப்புகள் செய்யக்கூடியது மூன்று.

ஒன்று, "இன்று முதல் புது விதி, எல்லோரும் ஏற்றுக்கொள்ளுங்கள்." முழு நஷ்டமும் ஆட்டக்காரர் தலையில்.

இரண்டு, "பழையவர்களுக்கு விலக்கு. ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் அப்படியே ஆடலாம், புதிதாக வருபவர்களுக்குத்தான் புது விதி."

மூன்று, "எல்லோருக்கும் புது விதி. ஆனால் பாதிக்கப்பட்டவர் தன் கேரக்டரை மாற்றிக் கட்டிக்கொள்ளலாம், செலவில்லாமல்."

முதல் வழி அநியாயம் என்பதில் பெரும்பாலும் யாருக்கும் சந்தேகமில்லை. உண்மையான விவாதம் இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் இடையில்தான். இரண்டாவது வழி பார்க்க இரக்கமானது. ஆனால் மூன்றாவதுதான் சரி.

பழையவருக்கு விலக்கு, புதியவருக்கு?

பாத்ஃபைண்டரில் 2010-இல் வந்த 'சம்மனர்' என்ற வகுப்பு ஒரு நல்ல உதாரணம். தன்னோடு ஒரு அமானுஷ்ய உயிரினத்தை அழைத்துவருபவர் சம்மனர். அந்த உயிரினத்துக்கு எத்தனை கை, எத்தனை நகம், இறக்கை உண்டா என்பதை ஆட்டக்காரரே புள்ளிகள் கொடுத்து வடிவமைக்கலாம். கெட்டிக்காரர் வடிவமைத்தால் அந்த உயிரினம் மேசையில் இருக்கும் நிஜ வீரரையே தேவையில்லாமல் ஆக்கிவிடும். போதாததற்கு, மந்திரவாதிகளுக்கு மூன்றாம் படியில் கிடைக்கும் 'ஹேஸ்ட்' மந்திரம் சம்மனருக்கு இரண்டாம் படியிலேயே கிடைத்தது.

2015-இல் 'பாத்ஃபைண்டர் அன்செயின்ட்' புத்தகத்தில் சம்மனரைத் திருத்தி எழுதினார்கள். உயிரினம் தேவதையா, பேயா, பஞ்சபூதமா என்று ஒரு இனத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும், அதற்குட்பட்டே வடிவம். ஹேஸ்ட் மூன்றாம் படிக்குப் போனது. அதே புத்தகத்தில் ரோக், மங்க், பார்பேரியன் வகுப்புகளுக்கும் புது வடிவம் வந்தது. பொது ஆட்டத்தில் அந்த மூன்றுக்கும் பழசு, புதுசு இரண்டும் செல்லும் என்றார்கள். சம்மனருக்கு மட்டும் இனி புதுசுதான் என்றார்கள். ஏற்கெனவே ஆடிக்கொண்டிருந்த பழைய சம்மனர்களுக்கு விலக்கு கொடுத்தார்கள்.

இதன் பொருள் என்ன? பழைய சம்மனர் மற்றவர்களின் ஆட்டத்தைக் கெடுக்கிறது என்று அமைப்பே ஒப்புக்கொண்டது. ஆனால் அந்தக் கெடுதல் தொடரட்டும், அதைத் தொடரும் உரிமை முன்னால் வந்தவருக்கு மட்டும் உண்டு என்றும் சொன்னது. ஆறு பேர் உட்காரும் மேசையில் ஒருவருக்கு விலக்கு என்றால், அந்த விலக்கின் விலையை மற்ற ஐந்து பேர் கொடுக்கிறார்கள். ஒரே பந்தியில் ஒருவருக்கு மட்டும் தனிப் பாத்திரத்தில் பரிமாறுகிற மாதிரி.

அதிலும் முதல்முறை வரும் புதியவர் நிலை மோசம். அவர் வாங்கிய புத்தகத்தில் ஒன்று இருக்கிறது, எதிரே இருப்பவர் வேறொன்றை ஆடுகிறார். "அது எப்படி?" என்று கேட்டால் "நீங்க அப்போ இல்லையே" என்று பதில். பொது ஆட்டத்தின் அடிப்படையே எல்லோருக்கும் ஒரே விதி என்பது. அதை விட்டுவிட்டால் அப்புறம் கையெழுத்துப் போட்ட தாள் எதற்கு?

கணக்கைச் சரியாகத் தீர்த்த விதி

வேடிக்கை என்னவென்றால், இதற்கு நல்ல தீர்வும் அதே பாத்ஃபைண்டர் சொசைட்டியிடமே இருந்தது. அதன் வழிகாட்டிப் புத்தகத்தில் விதி மாற்றத்துக்கென்று ஒரு படிக்கட்டு வைத்திருந்தார்கள். பொருள் ஒன்று மாறினால், அதை முழு விலைக்கு விற்றுக்கொள்ளலாம் (வழக்கமான பாதி விலைக்கு இல்லை). பயிற்சி ஒன்று மாறினால், அதற்குப் பதில் இன்னொன்று எடுத்துக்கொள்ளலாம். வகுப்பே மாறினால், பொருட்களை அப்படியே வைத்துக்கொண்டு, அதே அனுபவப் புள்ளியில் கேரக்டரை முழுக்க மறுபடி கட்டிக்கொள்ளலாம்.

மாற்றம் எவ்வளவோ, ஈடும் அவ்வளவு. இதைவிட நியாயமாக ஒரு விதி எழுதுவது கஷ்டம்.

இதோடு இன்னொரு விதியையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். விதி எதுவும் மாறாமல், ஆட்டக்காரரே "இந்தப் பயிற்சி எனக்குச் சரிப்படவில்லை" என்று மாற்ற நினைத்தால், அதற்குப் பொற்காசும், சொசைட்டியிடம் சம்பாதித்த நற்பெயர்ப் புள்ளியும் செலவாகும். அதுவும் நியாயம்தான். தேர்ந்தெடுத்தது அவர், மனம் மாறியதும் அவர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு கொள்கை தெரிகிறது: யார் மனம் மாறினாரோ அவரே விலை கொடுக்க வேண்டும். ஆட்டக்காரர் மனம் மாறினால் ஆட்டக்காரர். அமைப்பு மனம் மாறினால் அமைப்பு. 2003-இல் வாள் மழுங்கியவருக்கு இந்தக் கொள்கைப்படி என்ன கிடைக்கும்? வேறு பயிற்சி, அல்லது வாளுக்கு முழு விலை. இரண்டில் ஒன்று. அவர் நஷ்டப்படவும் இல்லை, பழைய 9 முகத்தை வைத்துக்கொண்டு மற்றவர்களை நஷ்டப்படுத்தவும் இல்லை.

"அப்படின்னா ஏமாத்துவாங்களே!"

வரக்கூடிய முதல் ஆட்சேபம் இது. சில திறமைகள் ஆரம்ப லெவலில் பலமானவை, சில பெரிய லெவலில்தான் பலன் தரும். இலவசமாக மாற்றலாம் என்றால் சின்ன லெவலில் அதை வைத்து ஆடிவிட்டு, பெரிய லெவலில் இதற்குத் தாவிவிடுவார்கள். உண்மைதான். அதனால்தான் படிக்கட்டு முக்கியம். பயிற்சி மாறினால் பயிற்சியை மட்டும் மாற்றலாம், ஆளையே மாற்ற முடியாது. மாற்றியதைத் தாளில் எழுதிக் கையெழுத்தும் வாங்கிவிட்டால் ஏமாற்ற இடமில்லை.

ஆரம்பக் கட்டத்தில் அமைப்புகள் தாராளமாகவும் இருந்திருக்கின்றன. பாத்ஃபைண்டரில் 2-ஆம் லெவல் கேரக்டராக ஆட உட்காரும்வரை எதையும் மாற்றலாம். அட்வெஞ்சரர்ஸ் லீக்கின் ஆரம்ப விதிகளில் 5-ஆம் லெவல்வரை மாற்றலாம். கற்றுக்கொள்பவருக்கு அந்தச் சலுகை வேண்டும். அதனால் எந்த ஆட்டமும் அழிந்துவிடவில்லை.

இரண்டாவது ஆட்சேபம் கனமானது. "நேற்றுவரை வாள் சுற்றியவன் இன்று திடீரென்று கோடாலியோடு வந்தால் அது அதே ஆளா? கதை என்ன ஆவது?" தன் கற்பனையில் ஆறு கையோடு ஒரு உயிரினத்தை வடிவமைத்து, அதற்குப் பெயர் வைத்து, படம் வரைந்து, ஐந்து வருடம் கூட வைத்திருந்த சம்மனர்காரருக்கு 'முழு ரீபில்ட்' என்பது ஆறுதலே இல்லை. அவர் கேட்டது பலத்தை இல்லை, அந்த உயிரினத்தை.

இந்த இழப்பு நிஜம். முழு விலை கொடுத்தாலும் ஈடாகாத சில பொருட்கள் உண்டு. இதற்கு ஒரே மருந்து அவகாசம். பழைய விதியில் இன்னும் ஒரு வருடம் ஆடலாம், அதற்குள் அந்தக் கதையை முடித்துக்கொள்ளலாம், அல்லது புது விதிக்குள் அந்த உருவத்தை எப்படிக் கொண்டுவருவது என்று யோசிக்கலாம். கடைசித் தேதி தெரிந்த விலக்கு இரக்கம். தேதி இல்லாத விலக்கு ஓரவஞ்சனை.

ஈடு கொடுக்க முடியாத மாற்றம்

சில மாற்றங்களுக்கு படிக்கட்டும் போதாது. 2018-இல் அட்வெஞ்சரர்ஸ் லீக் தன் எட்டாம் சீசனில் சம்பாதிக்கும் முறையையே மாற்றியது. அதுவரை சாகசத்தில் புதையல் கண்டெடுத்தால் அது கையில். இனி ஆடிய நேரத்துக்கு 'செக்பாயிண்ட்' கிடைக்கும், அதைச் சேர்த்து மந்திரப் பொருளை எடுத்துக்கொள்ள வேண்டும். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். ஆனால் டிராகனைக் கொன்று அதன் குகையில் வாளை எடுப்பதற்கும், புள்ளி சேர்த்துப் பட்டியலிலிருந்து வாளை எடுப்பதற்கும் வித்தியாசம் இருக்கிறது. ரேஷன் கார்டில் டிக் அடித்து வாங்கிய வாளுக்கு யார் பாட்டுப் பாடுவார்கள்? :-) அதிருப்தி பெரிதாக எழுந்தது. அடுத்த வருடமே செக்பாயிண்ட் முறை போய்விட்டது. எண்ணிக்கையைச் சரிக்கட்டலாம், சம்பாதித்த முறைக்கு ஈடு கிடையாது என்பது இதில் கிடைக்கும் பாடம்.

இன்னும் பெரியது புதுப் பதிப்பு. 2008 ஜூனில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் நான்காம் பதிப்பு வந்தது. அதன் முதல் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கில் பார்ட் இல்லை, ட்ரூயிட் இல்லை, மங்க் இல்லை. நோம் என்ற குள்ள இனத்தை ஆட்டக்காரர்கள் எடுக்கவே அதில் இடமில்லை. லிவிங் கிரேஹாக்கில் ஒருவர் எட்டு வருடமாக ஒரு நோம் பார்டை ஆடியிருந்தால், அவரை மாற்றிக் கட்ட ஒரு செங்கல்கூட இல்லை. இரண்டும் வந்தது 2009-இல், இரண்டாம் புத்தகத்தில். மங்க் வர 2010 ஆனது.

லிவிங் கிரேஹாக் என்ன செய்தது? மாற்றவில்லை. 2008-ஓடு ஆட்டத்தை முடித்துக்கொண்டது. நான்காம் பதிப்புக்கு வேறு உலகத்தில் 'லிவிங் ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்று புதிதாகத் தொடங்கினார்கள். அப்போது பலருக்கு அது கசந்திருக்கும். ஆனால் யோசித்துப் பார்த்தால் அதுவே நேர்மை. பார்டைப் பிடித்து மந்திரவாதியாக மாற்றி "இதுதான் அவர்" என்று சொல்வதைவிட, "அவர் கதை முடிந்தது, நல்ல கதை" என்று சொல்வது மரியாதை.

பைசோ இரண்டையும் செய்திருக்கிறது. 3.5 விதியில் தொடங்கிய பாத்ஃபைண்டர் சொசைட்டி, 2009-இல் சொந்த விதி வந்ததும் கேரக்டர்களை அதற்கு மாற்றிக்கொள்ளச் சொன்னது. இரண்டும் நெருங்கிய சொந்தம், அதனால் முடிந்தது. 2019-இல் இரண்டாம் பதிப்பு வந்தபோது தூரம் அதிகம். அங்கே எல்லோரும் புதிதாகத் தொடங்கினார்கள். ஆனால் முதல் பதிப்புக் கேரக்டரை முதல் பதிப்புச் சாகசங்களில் தொடர்ந்து ஆடவும் வழி வைத்தார்கள். இதுவும் சரி. அங்கே ஒரே மேசையில் இரண்டு விதி இல்லை. மேசைதான் இரண்டு.

கடைசியாக

இது பழங்கதை இல்லை. 2023 நவம்பரில் பாத்ஃபைண்டரின் திருத்திய புத்தகங்கள் வரத் தொடங்கின. நல்லவன், கெட்டவன் என்று கேரக்டர்களைப் பிரிக்கும் பழைய 'அலைன்மென்ட்' முறையே அதில் போய்விட்டது. 2024 செப்டம்பரில் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய பிளேயர்ஸ் ஹேண்ட்புக் வந்தது. ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் தன் தாளை எடுத்து, எதை அழிப்பது, எதை வைப்பது என்று பார்த்துக்கொண்டிருப்பார்.

விதி எழுதுபவர்கள் அந்த ஒருவருக்குச் சொல்ல வேண்டியது நாலே விஷயம். மாறியதற்குச் சமமாக மாற்றிக்கொள்ளலாம். அதற்குக் காசு வாங்க மாட்டோம். பழைய விதிக்கு அவகாசம் உண்டு, கடைசித் தேதியும் உண்டு. மாற்றவே முடியாதென்றால் மாற்றியதாக நடிக்க மாட்டோம்.

எதை மாற்றினாலும், தாளில் தொடக்கூடாத ஒரு பகுதி இருக்கிறது. பெயரும், ஆடிய சாகசங்களின் பட்டியலும். கையில் வாளோ கோடாலியோ, அந்த 27 சாகசங்களுக்கும் போய்வந்தவர் அவர்தான். அதற்குக் கையெழுத்து இருக்கிறது.